தம்பி சொன்ன ஒற்றைச் சொல்

கம்போடியாவில் பட்டம்பாங் ஊருக்கு வெளியே ஒரு விகாரை. அங்கே பிக்கு ரத்தனாக் மாலை வேளையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மாணவர்களில் மூத்தவர் சாரூன், அறுபதைத் தாண்டிய சைக்கிள் கடைக்காரர். கோபம் வந்தால் கையிலிருக்கும் ஸ்பானரைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடும் மனிதர். வகுப்பிலும் அப்படித்தான்.

அவர் ஆங்கிலம் படிக்க வந்தது தம்பி மகள் மாலிஸுக்காக. அவள் அமெரிக்காவில் பிறந்தவள், கெமர் மொழி தெரியாது. இறந்துபோன அப்பாவின் அஸ்தியை அவர் பிறந்த ஊரில் வைக்கக் கொண்டுவருகிறாள்.

ஒருநாள் அவள் போனில் பேசியபோது பிக்குதான் மொழிபெயர்த்தார். சாரூனுக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. மறுநாள் வகுப்புக்கு எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார்.

"சாமி, அவ சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க."

"உங்களைப் பத்தி அவ அப்பா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லியிருக்காராம். 'எங்க அண்ணன் என்னை கேரி பண்ணினார்'னு."

"கேரின்னா?"

"சுமக்கிறது."

"எதுல? தலையிலயா, தோள்லயா?"

"எல்லாத்துக்கும் அதுதான்."

"அரிசி மூட்டைக்கு?"

"அதுக்கும்."

"கோழியைக் காலைக் கட்டித் தொங்கவிட்டுட்டுப் போறோமே?"

"அதுக்கும்."

"ஆத்துத் தண்ணி கட்டையை அடிச்சுட்டுப் போகுதே?"

"ஆறு கட்டையை கேரி பண்ணுதுன்னு சொல்லுவாங்க."

"அடக் கடவுளே! இது ஒரு பாஷையா?"

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. கெமர் மொழியில் பிள்ளையை இடுப்பில் சுமக்க ஒரு சொல், தலையில் சுமக்க வேறு சொல். மாற்றிச் சொன்னால் சின்னப் பிள்ளைகளே சிரிக்கும்.

"சண்டைக்குத் தப்பி எல்லைக்கு ஓடினப்போ அவன் சின்னப் பையன், சாமி" என்றார் சாரூன். "முதல்ல 'பொ', இடுப்புல வெச்சுக்கிட்டேன். இடுப்பு விட்டுப்போச்சு. அப்புறம் 'ரெக்', காவடி மாதிரி கம்புல ஒரு பக்கம் சட்டிபானை, மறுபக்கம் கூடையில அவன். காய்ச்சல் வந்ததும் 'ஸெங்', கம்புல தூளி கட்டி ஒரு முனையில நான், இன்னொரு முனையில யாரோ முகம் தெரியாத ஆள். அகதி முகாம்ல என் கையிலேருந்து வாங்கித்தான் அமெரிக்காவுக்குப் பிளேன் ஏத்தினாங்க. அவ்வளவையும் மூட்டைக்குச் சொல்ற சொல்லால சொல்லிட்டுப் போயிட்டானே!"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவும் வீம்பு விடவில்லை.

"எனக்கு மனசு ஆறல. அவளை வர வேண்டாம்னு சொல்லிடுங்க."

"அவ நேத்தே கிளம்பிட்டா, பெரியவரே. வாசல்ல வந்து இறங்கினதும் நீங்களே சொல்லிடுங்க."

"எனக்கு எங்கே அவ்வளவு இங்கிலீஷ் வருது?"

"வர வேண்டாம்னு சொல்ற அளவுக்குக் கத்துக்கொடுத்திருக்கேன்."

மாலிஸ் வந்த அன்று கொட்டு கொட்டென்று மழை. வாசலிலிருந்து விகாரைப் படி வரைக்கும் முழங்கால் தண்ணீர். சாரூன் குடைகூட இல்லாமல் வாசலில் போய் நின்றார். பிக்கு படியிலேயே நின்றுகொண்டார்.

வேனிலிருந்து ஒரு பெண் வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியோடு இறங்கினாள். தம்பியின் அதே நெற்றி. சாரூன் பெட்டிக்காகக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை, நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். சரிதான் போ என்று அவர் திரும்பப்போன நேரத்தில் அவள் தண்ணீரில் கால் வைத்து வழுக்கினாள்.

இரண்டு பேரும் படிக்கு வந்து சேர்ந்தபோது உடம்பெல்லாம் சேறு. பெட்டியில் மட்டும் சேறு படவில்லை. மாலிஸ் உள்ளே போய் புத்தர் முன்னால் உட்கார்ந்தாள். சாரூன் படியிலேயே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"சொல்லிட்டீங்களா?" என்றார் பிக்கு.

"எங்கே சொல்றது! விழப் பார்த்தா, பிடிச்சேன்."

"பெட்டியைச் சுமந்தது யாரு?"

"பெட்டி அவ கையில. அவ என் கையில. பாதி வழியில எனக்கும் கால் தடுமாறிப்போச்சு. அப்புறம் அவதான் என்னை இழுத்துட்டு வந்தா. தம்பி ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்தான்."

"அப்படிச் சுமக்கிறதுக்கு நம்ம மொழியில ஏதாவது சொல் இருக்கா?"

சாரூன் கையை இடுப்புக்குக் கொண்டுபோனார். தோளுக்குக் கொண்டுபோனார். பிறகு இரண்டு கையையும் முன்னால் நீட்டி வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லையே, சாமி."

"அப்போ உள்ளே போய் அவகிட்ட உங்க தம்பி சொன்ன அந்தச் சொல்லையே சொல்லுங்க, பெரியவரே."