மெச்சு முரசு

மருதங்காட்டு மன்னர் கனகமூர்த்தி ராயருக்கு எதற்கும் நேரம் உண்டு. வேட்டைக்கு உண்டு, சதுரங்கத்துக்கு உண்டு, ஆசை வந்தால் அடுக்களையில் புகுந்து குழம்பு வைக்கவும் உண்டு. ஒருவரைப் பாராட்டத்தான் நேரம் கிடையாது. குடிகள் முகம் சுண்டித் திரிகிறார்கள் என்று ஒற்றர்கள் வந்து சொன்னபோது, அமைச்சர் நஞ்சப்பர் அதற்கும் ஒரு ஏற்பாடு செய்தார்.

ஒரு முரசுக்காரனை அமர்த்தினார். அவன் தினமும் வேலை நடக்கும் இடமெல்லாம் போய் மூன்று தட்டு தட்டுவான். "மன்னர் உன் வேலையை மெச்சினார். உன்னைப் போல் ஒருவர் இல்லை. தொடர்ந்து செய்" என்பான். பிறகு பக்கத்து ஆளிடம் போய், அவனைப் போலவும் ஒருவர் இல்லை என்பான். நாட்டில் யார் எந்த வேலை செய்தாலும் இதுதான் பாராட்டு, ஒரு சொல் கூட்டினாலும் குறைத்தாலும் சவுக்கடி என்று ஆணையும் போட்டாயிற்று.

முதல் வாரம் ஜனங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாம் வாரம் காது புளித்தது. மூன்றாம் வாரம், மரத்தடியில் குறட்டை விட்டவனை எழுப்பி, உன்னைப் போல் ஒருவர் இல்லை என்று முரசுக்காரன் சொல்லிவிட்டுப் போனான்.

அந்தச் சமயம் பெரிய ஏரியின் கரை உடைந்து கிடந்தது. மழைக்கு இருபது நாள்தான் இருந்தது. அதற்குள் அடைக்காவிட்டால் ஏழு ஊர்ப் பயிரும் வெள்ளத்தோடு போய்விடும். ஆனால் கரை வேலைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். எல்லாம் மேஸ்திரி சடையனின் குற்றம் என்றார் நஞ்சப்பர். மூன்று நாளில் ஆட்கள் திரும்பாவிட்டால் அவன் முதுகுத்தோலை உரிக்க வேண்டும் என்றார். மன்னர் சதுரங்கக் காயிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினார்.

இதைக் கூத்தபிரான் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அவையில் வேடிக்கை பேசிப் பிழைப்பவர். ஆனாலும் அடுத்தவன் முதுகு விஷயத்தில் அவருக்கு வேடிக்கை வராது. நேராக ஏரிக்குப் போனார். இடுப்பளவு சேற்றில் நின்றிருந்த சடையனிடம் என்னதான் குறை என்று கேட்டார்.

"கூலியில ஒரு குறையும் இல்ல சாமி. நாங்க சேத்துல நிக்கிறோம். தூங்குறவனுக்கும் அதே மூணு தட்டு, எங்களுக்கும் அதே மூணு தட்டு. அந்தச் சத்தம் கேட்டாலே கை விட்டுப்போவுது."

கூத்தபிரானுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த ஆணையைப் படித்த அன்று அவையில் கைதட்டியவர்களில் அவரும் ஒருவர்.

மறுநாள் மன்னரின் பிறந்தநாள். வருஷா வருஷம் அன்றைக்கு அவர் தம் கையாலேயே வத்தக்குழம்பு வைத்து அவையோருக்குப் பரிமாறுவது வழக்கம். விடிந்ததிலிருந்து அடுப்படியில் வெந்து, வேர்வை வழிய, கரண்டியோடு பந்தி முன்னால் வந்து நின்றார். எல்லா இலையிலும் ஊற்றினார். ஒருவரும் இன்னும் கை வைக்கவில்லை. வாசலில் மூன்று தட்டு கேட்டது.

"மன்னர் உன் வேலையை மெச்சினார். உன்னைப் போல் ஒருவர் இல்லை. தொடர்ந்து செய்" என்று மன்னரைப் பார்த்தே சொல்லிவிட்டு முரசுக்காரன் போய்விட்டான்.

மன்னர் திகைத்துப்போய்ப் பந்தியைப் பார்த்தார். அவையோர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. ஒரு சொல் கூட்டினால் சவுக்கடி என்பதை முந்தின நாளே ஒவ்வொருவர் காதிலும் கூத்தபிரான் போட்டு வைத்திருந்தார். முரசுக்காரனைப் பந்திக்கு வரச் சொன்னவரும் அவர்தான். ஆணையை எழுதிய நஞ்சப்பரே குழம்பை வழித்து நக்கிவிட்டு ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மன்னருக்குக் கோபம் தலைக்கேறியது. "வாயில் வைத்துப் பார்க்காமலே மெச்சுகிறானா? யார் செய்த வேலை இது?"

கூத்தபிரான் எழுந்தார். "தங்கள் ஆணைதான் அரசே. யார் எந்த வேலை செய்தாலும் என்று அதில் இருக்கிறது. சமையலும் வேலைதானே."

"ருசி பார்க்காத பாராட்டு எனக்கு எதற்கு?"

"கரையைப் பார்க்காத பாராட்டு சடையனுக்கு எதற்கு, அரசே?"

மன்னர் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு குதிரையைக் கொண்டுவரச் சொன்னார்.

ஏரிக்கரையில் சடையனைக் கண்டதும், "உன்னைப் போல்" என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்து விழுங்கிக்கொண்டார். கரை நெடுக நடந்தார். ஓரிடத்தில் நின்று, இங்கே மட்டும் ஏன் நேராகக் கட்டாமல் உள்ளே வளைத்திருக்கிறாய் என்று கேட்டார்.

"அலை வந்து மோதுறது இந்த எடத்துலதான் சாமி. போன தடவ இங்கதான் உடைஞ்சுது. ரெண்டு மழை நின்னு பார்த்தேன். அதான் வளைச்சேன்."

"நானாக இருந்தால் நேராகத்தான் கட்டச் சொல்லியிருப்பேன் சடையா. மறுபடி உடைந்திருக்கும். இது எனக்குத் தோன்றியே இருக்காது."

சடையன் சேற்றுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். மன்னர் நின்று கேட்டாராம் என்ற செய்தி பொழுது சாய்வதற்குள் ஊரெல்லாம் பரவியது. வேலையை விட்டுப் போனவர்கள் அத்தனை பேரும் மறுநாள் திரும்பி வந்துவிட்டார்கள். மழைக்கு நாலு நாள் முன்பே கரை அடைபட்டது. ஏரி தளும்பத் தளும்ப நிறைந்தும் கரை அசையவில்லை.

அவை கூடியது. நஞ்சப்பர் சும்மா இருப்பாரா? புது ஓலையோடு வந்து நின்றார். இனிமேல் அதிகாரிகள் ஒருவனைப் பாராட்டுமுன் அவன் வேலையைப் பத்து எண்ணும்வரை உற்றுப் பார்க்க வேண்டும், ஒரு கேள்வி கேட்க வேண்டும், முடிவில் கண் கலங்க வேண்டும் என்று கணீரென்று படித்தார்.

மன்னர் பெருமூச்சு விட்டுக் கூத்தபிரானைப் பார்த்தார். என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார்.

"பொன் எல்லாம் வேண்டாம் அரசே. நம் அமைச்சரை ஒரு நாளாவது மனதாரப் பாராட்ட வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. அவர் வேலை செய்து பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை. ஏரிக்கரையை இன்னும் பலப்படுத்த இரண்டு நாள் மண் சுமக்கச் சொல்லுங்கள். நான் பக்கத்திலேயே நின்று கண்ணாரப் பார்த்துப் பாராட்டிவிடுகிறேன்."

மன்னர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு கூடை கொண்டுவரச் சொன்னார்.