சோலார் பெட்டிக்கு முதல் போட்டவர்கள்

“பணம் கிடைச்சிருச்சு மேடம். அதுதான் இப்ப கவலையா இருக்கு” என்றார் இன்னாசி சார்.

நிலோஃபர் சிரிக்கவில்லை. தூத்துக்குடியில் பம்புசெட் கம்பெனியைத் தனியாளாகத் தொடங்கி நிமிர்த்தியவள் அவள். புதிதாகத் தொழில் தொடங்கிவிட்டுப் பணத்துக்கு வழி தெரியாமல் முழிக்கிறவர்கள் அவளிடம்தான் வந்து உட்காருவார்கள். வயதுக்கு அவள் இன்னாசி சாரின் மகளாக இருக்கலாம். பாலிடெக்னிக்கில் காலமெல்லாம் பாடம் நடத்திய மனுஷனுக்கு அவள் முன்னால் மாணவனாக உட்காருவதில் ஒரு கூச்சமும் இல்லை.

“விவரமாச் சொல்லுங்க சார்.”

ஓய்வுக்குப் பிறகு அவர் செய்திருந்தது கருவாடு காயவைக்கும் சோலார் பெட்டி. மணலில் மீனைப் பரப்பிவிட்டு, காக்கையையும் மழையையும் ஒரே மூச்சில் திட்டிக்கொண்டிருக்கும் பெண்களுக்காகச் செய்தது. பெட்டி நன்றாகவே வேலை செய்தது. நிறையச் செய்து விற்கத்தான் கையில் பணமில்லை.

“சென்னையில ஒரு முதலீட்டாளர் தாரேங்காரு. கம்பெனியில பாதிக்கு மேல அவருக்கு. பெட்டியை ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு மட்டும்தான் விக்கணுமாம். கரையில இருக்கிற பொம்பளைங்களுக்குக் கிடையாது. நாளைக்குக் கையெழுத்து. இன்னைக்கு ரயில்.”

“போடாட்டி?”

“பெட்டி செய்யற ஷெட்டைப் பூட்டணும். பேங்க்ல வீட்டுப் பத்திரம் கேக்காங்க. வீடு என் வீட்டுக்காரி பேர்ல. அரசாங்க மானியத்துக்கு எழுதிப் போட்டேன், ஃபைல் எங்க தூங்குதுன்னு தெரியல. இன்டர்நெட்ல முகம் தெரியாதவங்ககிட்டக் கேக்க எனக்கு வரல.”

“இதுவரைக்கும் யார் முதல் போட்டது?”

“வேற யாரு? எல்லாம் என் பி.எஃப். பணம்.” சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

காட்டுவதற்காக அவர் கொண்டுவந்த பெட்டி வாசலில் குட்டியானை லோடு வண்டியில் நின்றது. நிலோஃபர் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

மேல் கண்ணாடியைத் தட்டினாள். “இது பி.எஃப். பணமா?”

“இல்ல. கண்ணாடிக் கடை மாடசாமி கொடுத்தது. வித்த பிறகு தாங்கன்னார்.”

அவள் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

“ஃபேன்?”

“அது ஒரு போட் மெக்கானிக். சும்மாதான் கொடுத்தார்.”

ஃபேன் இறங்கியது.

“தட்டுல இருக்கிற வலை?”

“கரையில கருவாடு போடுற ரொசாலியும் அவ மகளிர் குழுப் பொம்பளைங்களும் தைச்சது.”

தட்டுகளும் இறங்கின. பெட்டி எலும்பும் தோலுமாக நின்றது.

“உள்ள காயவச்சுப் பாத்த மீன்?”

“அதுவும் ரொசாலிதான். முதல் கூடை கருகிருச்சு. அடுத்ததுல புழு வச்சிருச்சு. காசு கொடுக்கப் போனேன், வாங்கல. மறுநாள் இன்னொரு கூடை வந்துச்சு.”

“கழிச்ச மீனா?”

இன்னாசி சார் கீழே இறக்கிவைத்த தட்டுகளைப் பார்த்தார்.

“சீலா” என்றார். “நல்ல விலைக்குப் போற சீலா மீன். கழிச்ச மீனைப் போட்டா பெட்டியைப் பத்தி என்ன தெரியும்னு சொல்லி அனுப்பியிருந்தா.”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஒரு கூடை சீலா என்றால் கரையில் ஒரு வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியும். அதைக் கருக்கிப்போட்டுவிட்டு, அடுத்த தடவை சரியா வரும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

நிலோஃபர் ஸ்க்ரூ டிரைவரை அவர் கையில் கொடுத்தாள்.

“திரும்ப மாட்டிருங்க சார். நான் டீ போடச் சொல்றேன்.”

“அப்ப சென்னை?”

அவள் உள்ளே போய்விட்டாள்.

அவர் அவசரமில்லாமல் மாட்டினார். கண்ணாடியை வைக்கும்போது மாடசாமியின் முகம் வந்தது. தட்டுகளைச் செருகும்போது, வெயிலில் உட்கார்ந்து வலை தைத்த பெண்கள் எல்லாருமே வந்தார்கள். தனக்கு இத்தனை பேர் இருந்திருக்கிறார்கள் என்று நினைக்க நினைக்க மனசு நிறைந்து, கண்ணும் நிறைந்தது. டீ ஆறிப்போனது.

வண்டியை அவர் ஸ்டேஷனுக்கு விடவில்லை. கரைக்கு விட்டார்.

ரொசாலி மணலில் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“ரொசாலி, அந்த மீனுக்கெல்லாம் நான் உனக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லல.”

“அதுக்கா வந்திய?”

“இன்னொண்ணும் கேக்கணும். பெட்டி செய்ய உங்க குழு முன்பணம் தருமா? முதல் பெட்டிகள் உங்களுக்கு. கம்பெனியில பங்கும் எழுதித் தாரேன்.” கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வாங்கியதெல்லாம் போதாதென்று இதுவுமா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

அவள் கையிலிருந்த மணலைத் தட்டினாள்.

“நாங்க எப்பவோ சேத்து வச்சாச்சு சார். நீங்க பெரிய பெரிய ஆளுவளைப் பாக்கப் போறிய. எங்க காசையெல்லாம் வாங்குவியளோ மாட்டியளோன்னுதான் சொல்லாம இருந்தோம்.”