பென் டிரைவில் ஏற்றிய மழை மந்திரம்

"அம்மா, என் மகளுக்கு என்னைத் தெரியலீங்க," என்றான் மாரப்பன், குருவம்மாவின் வீட்டுக்குள் வந்ததும்.

நனைந்த சிறுமி அவன் கையை உதறிவிட்டுத் தள்ளி நின்றாள். வெளியே மழை விடாமல் கொட்டியது.

மாரப்பன் மைக் செட் போடுபவன். அவளிடம் மழை மந்திரம் கற்றவன். அதைச் சொன்னால் மழை வரும். சொன்னவரின் நினைவில் எது மிகப் பிரியமோ அது போய்விடும். ஊருக்காகச் சொல்லிச் சொல்லிக் குருவம்மாவுக்குத் தன் பெயரே மறந்துபோயிற்று.

அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவன் அவள் குரலைப் பென் டிரைவில் ஏற்றினான். கோயில் ஒலிபெருக்கிக் குழாயில் ஓடவிட்டு, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க அடுத்த ஊருக்குப் போனான். மெஷினுக்கு மறக்க என்ன இருக்கிறது என்று நினைத்தான். கெட்டிக்காரன்தான்.

"மெஷின்கிட்ட எடுக்க ஒண்ணுமில்லைன்னா மந்திரம் சும்மா போகுமா?" என்றாள் குருவம்மா. "கேட்டவங்ககிட்ட எடுத்துக்கிச்சு. உம் மகளுக்கு உன்னைத்தான் ரொம்பப் புடிச்சிருந்துச்சு போல."

மாரப்பன் ஏரிப்பக்கம் கைகாட்டினான்.

"செட்டை அணைச்சுட்டனுங்க. மழை நிக்க மாட்டேங்குது. ஏரிக்கரை உடையப் போகுதுங்க."

"மந்திரத்தை முடிக்கிற கடைசி அடி ஓடலையா?"

"திரும்பத் திரும்ப ஓடட்டும்னு அதை மட்டும் வெட்டிட்டனுங்க."

"அப்ப அதை யாராவது வாயால சொல்லோணும்."

"நீங்க சொல்லுங்கம்மா."

"குடுக்க எங்கிட்ட என்னப்பா மிச்சமிருக்குது?"

மாரப்பன் மகளைப் பார்த்தான்.

"இவளை விட்டுட்டு வேற எதையாச்சும் குடுக்கலாமுங்களா?"

குருவம்மா எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். ஏரிப்பக்கம் ஜனங்கள் கத்துவது கேட்டது.

அவன் அழுதான். மகள் முன் மண்டியிட்டான்.

"உம் பேரு கனிஷ்கா. மறந்துராத கண்ணு."

பிறகு அந்த அடியைச் சொன்னான்.

மழை நின்றது.

மாரப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"பாவம், பாப்பா நடுங்குதே. யாரு ஊட்டுப் புள்ளைங்க?"

குருவம்மா கதவோரத்திலிருந்து திரும்பி வந்தாள்.

"உன்கூட வந்த புள்ளைதான். பத்திரமாக் கொண்டுபோய் ஊட்ல விடு."

"சரிங்கம்மா."

தோளில் கிடந்த துண்டைப் பிழிந்து சிறுமியின் தலையைத் துவட்டினான். இப்போது அவள் விலகவில்லை.

"சொல்லு கண்ணு," என்றான். "உங்க ஊடு எங்கிருக்குது?"