மேட்டுத் தெருக் குழாய்

தொப்பலாங்குளம் எங்கே இருக்கிறது என்று மட்டும் யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அந்த ஊர்க்காரர்களே வழி காட்ட வந்துவிடுவார்கள். ஒருமுறை பாவம், ஒரு லாரிக்காரர் வழி கேட்டார். "நேராப் போங்க" என்றார்கள். ரோடு வளைந்த இடத்தில் அவர் வண்டியைத் திருப்பினார். உடனே பின்னாலேயே ஓடிவந்து, "நேராத்தானே போகச் சொன்னோம்?" என்று கோபித்துக்கொண்டு, லாரியை நேராக ஏரிக்குள் தள்ளிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். ஏரியில் தண்ணீர் இல்லாததால் லாரிக்காரர் பிழைத்தார்.

ஏரியில் மட்டும் இல்லை, ஊரிலேயே தண்ணீர் கஷ்டம்தான். அதிலும் மேட்டுத் தெருவுக்குச் சுத்தமாக இல்லை. அங்கே குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். வெயில் காலத்தில் அதற்கே நாலு பேர் முகத்தைக் காட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள்.

அந்தத் தெருவின் கவுன்சிலர் பூங்காவனம். கெட்டிக்காரி என்று பேர் எடுத்தவள். எந்த ஊரில் எடுத்தாள் என்பதை மறந்துவிடாதீர்கள். அவளுக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. காரணம், அவள் மகன் சற்குணத்துக்குப் பார்த்த பெண். பெண்ணுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. பையனோ பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு திரிகிறான். ஜாதகமும் பொருந்திவிட்டது. பெண்ணின் அப்பா தனக்கோட்டிதான் குறுக்கே நின்றார்.

"உங்க தெருவுல குழாய்ல தண்ணி வராதாமே? தண்ணியில்லாத தெருவுக்கு என் பொண்ணைக் குடுக்க மாட்டேம்மா. வெள்ளிக்கிழமை வர்றேன். குழாயைத் திறக்கணும், தண்ணியை நான் கண்ணால பார்க்கணும். பார்த்தா அங்கேயே வெத்தலை பாக்கு மாத்திக்குவோம். இல்லைன்னா பையனுக்கு வேற இடம் பாருங்க."

"பார்த்துருவீங்க அண்ணே" என்று பூங்காவனம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். சொன்ன பிறகுதான் குழாயில் காற்று மட்டுமே வரும் என்பது ஞாபகம் வந்தது.

நல்லவேளையாக, அதே வாரம் நகராட்சிக் கூட்டம். குடிநீர்த் திட்டம் பற்றிப் பேசுவதற்காக வெளியூரிலிருந்து ஒரு இன்ஜினியர் அம்மா வந்திருந்தார். புதுத் தொட்டியைப் பார்த்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு வந்தார்.

"தொட்டியை ஏங்க பள்ளத் தெருவுல, தரையோட தரையா, இடுப்பு உயரத்துக்குக் கட்டியிருக்கீங்க?"

சேர்மன் திருவேங்கடம் பெருமையோடு எழுந்தார். "ஊர்ல எல்லாருக்கும் எட்டுற மாதிரி கட்டுங்கன்னு போன வருஷம் ஒரு ஆபீசர் சொன்னாருங்க. இருக்கிறதுலயே குள்ளமான ஆளைக் கூட்டிட்டு வந்து, கையை நீட்டச் சொல்லி அளந்து கட்டினோம்."

இன்ஜினியர் அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, தண்ணி மேட்டுல இருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். பள்ளத்துல இருந்து மேட்டுக்குத் தானா ஏறாது. இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு, மேட்டுத் தெருவுக்கு எப்படித் தண்ணி குடுக்கிறதுன்னு உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுங்க. தண்ணியைத் தவிர வேற எதையும் இன்னிக்குப் பேசாதீங்க. தீர்மானம் போடாம எழுந்திருக்காதீங்க. அதுவரைக்கும் இருக்கிற தண்ணியில ஒரு சொட்டு வீணாகக் கூடாது." சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

கூட்டம் ஆரம்பமானது. ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே சேர்மன் நாற்காலிக்கு அடியில் இருந்த கொசுவத்தியிலிருந்து அவர் வேட்டி நுனியில் தீ பிடித்துக்கொண்டது.

முதலில் பார்த்தவர் பள்ளத் தெருக் கவுன்சிலர் உத்தண்டி. வாயைத் திறந்தார். தண்ணியைத் தவிர வேறு எதையும் பேசக் கூடாது என்பது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்த இன்னொரு கவுன்சிலர் வீராசாமிக்குக் கண்ணைக் காட்டினார். வீராசாமியும் பார்த்தார், அவரும் மூடிக்கொண்டார். புகை மேஜைக்கு மேலே வந்தது.

பூங்காவனம்தான் உட்கார்ந்தபடியே சமயோசிதமாகக் கையைத் தூக்கினாள். "தலைவர் அவர்களே! தலைவர் அவர்களுக்கு உடனடியா தண்ணி தேவைப்படுது!"

"பொறும்மா. ஊருக்கே தேவைப்படுது. முதல்ல மக்கள், அப்புறம்தான் நான்" என்றார் திருவேங்கடம். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் காற்றில் தீ இன்னும் கொஞ்சம் ஏறியது.

"தலைவர் அவர்களே, தண்ணி வேணும்னா அவசரமா வேணும். முழங்கால் வரைக்கும் வேணும்!"

திருவேங்கடம் குனிந்து பார்த்தார். "அடியாத்தே!" என்று அலறி எழப் போனவர், பாதியிலேயே நின்றார். தீர்மானம் போடாமல் எழுந்திருக்கக் கூடாதே! மறுபடியும் உட்கார்ந்தார். மேஜை மேல் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. உத்தண்டி அதைத் தூக்கினார்.

"வைய்யா கீழே!" என்றார் வீராசாமி. "ஒரு சொட்டு வீணாகக் கூடாதுன்னு அந்தம்மா சொன்னது காதுல விழலையா? ஊத்தினா வீண்தானே?"

"வேட்டி எரியுதே..."

"வேட்டியைப் பத்திப் பேசாதே! தண்ணியைப் பத்திப் பேசு!"

கடைசியில் பிளாஸ்க்கில் இருந்த டீயை ஊற்றி அணைத்தார்கள். டீயிலும் தண்ணீர் இருக்கிறதே என்று உத்தண்டி ஒரு சந்தேகம் கிளப்பினார். பால்தான் அதிகம் என்று டீ போட்டவரைக் கூப்பிட்டுக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் சேர்மனுக்கு உயிர் வந்தது. ஊரில் யாரும் அந்த டீயில் பால் அதிகம் என்று அதற்கு முன்னால் நம்பியதில்லை.

பிறகு விஷயத்துக்கு வந்தார்கள்.

"மேட்டுத் தெரு உசரமா இருக்கிறதுதானே பிரச்சினை?" என்றார் வீராசாமி. "தெருவைப் பள்ளத்துக்கு இறக்கிடுவோம்."

"இறக்கினா அது மேட்டுத் தெருவா இருக்காதே. தெருவுல எல்லாரோட ரேஷன் கார்டையும் மாத்தணும்" என்றார் திருவேங்கடம்.

"அப்ப பள்ளத் தெருவை மேல ஏத்துவோம்."

"ஏத்தினா எங்க தெருவுக்கு யாருய்யா தண்ணி குடுப்பா?" என்று உத்தண்டி துள்ளினார். "இன்னிக்கு நீங்க பள்ளத்தை ஏத்துவீங்க, நாளைக்கு என்னை மேட்டுல தவிக்க விடுவீங்க!"

பூங்காவனத்துக்குக் கண்ணில் நீர் முட்டியது. வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டே வருகிறது, இவர்கள் ரேஷன் கார்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாற்றிப் போட்ட செருப்போடு வாசலில் நின்று எட்டிப் பார்த்த சற்குணத்தின் முகம் வேறு. இருந்த ஆற்றாமையில் அவளுக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது.

"தலைவர் அவர்களே, தண்ணி தானா மேட்டுக்கு ஏறாதுன்னுதானே சொன்னாங்க? நாம ஏறுவோம்ல?"

சபை அசந்துவிட்டது.

"ஏறுவோம்" என்றார் திருவேங்கடம் மெதுவாக. "நான் போன வாரம்கூட ஏறினேன்."

"அப்ப நாம குடத்துல தூக்கிட்டுப் போவோம். தண்ணி ஏறலை, நாமதான் ஏறுறோம். மேட்டுக்கு வந்ததும் குழாய்ல விட்டுருவோம். அது மேட்டுல இருந்து பள்ளத்துக்கு ஓடணும்னா ஓடிக்கட்டும், யாரு வேண்டாம்னா? அந்தம்மா சொன்னதுல ஒரு எழுத்தும் மாறலை!"

இப்படி ஒரு மூளை நம் ஊரில் இருக்கிறதே என்று சேர்மன் மேஜையைத் தட்டினார். தீர்மானம் ஒரு மனதாக நிறைவேறியது. அதன் பிறகே அவர் எழுந்து போய் வேறு வேட்டி கட்டிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் எல்லாரும் பள்ளத் தெருத் தொட்டியில் குடங்களில் தண்ணீர் மொண்டுகொண்டு, மூச்சு வாங்க மேட்டுத் தெருவுக்கு ஏறினார்கள். உத்தண்டி மட்டும் செல்போனோடு தொட்டியோரம் நின்றார். மேலே போன பிறகுதான் ஒரு இடைஞ்சல் தெரிந்தது. குழாயின் வாய் கீழே பார்த்து இருந்தது.

வீராசாமி தரையில் மல்லாந்து படுத்து, குடத்துத் தண்ணீரை மேல் நோக்கி வீசிப் பார்த்தார். தண்ணீர் அவர் மூஞ்சியிலேயே வந்து விழுந்தது. "தண்ணி கீழதான் வரும்னு அந்தம்மா சொன்னது உண்மைதான்யா, படிச்சவங்க படிச்சவங்கதான்" என்று துடைத்துக்கொண்டார். அப்புறம் ஒரு ரெஞ்ச் கொண்டுவந்து குழாயைத் திருகி, வாயை வானத்தைப் பார்க்க வைத்தார்கள்.

பூங்காவனம் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு முதல் குடத்தை ஊற்றினாள். தண்ணீர் மடமடவென்று உள்ளே இறங்கியது. அவ்வளவுதான், சத்தமே இல்லை. எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். சேர்மனின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே! வருதுண்ணே! தண்ணி வருது! குழாய்ல தண்ணி வருது!" என்று தொட்டியோரத்திலிருந்து உத்தண்டி கத்தினார். "தொட்டிக்குள்ள கொட்டு கொட்டுன்னு கொட்டுதுண்ணே!"

மேட்டுத் தெருவே ஆடியது. பூங்காவனம் குழாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷமாகக் காற்று விட்டுக்கொண்டிருந்த குழாய்! அன்று சாயங்காலம் வரை மொண்டார்கள், ஏறினார்கள், ஊற்றினார்கள். எவ்வளவு மொண்டும் தொட்டி குறையவே இல்லை என்று உத்தண்டி கீழேயிருந்து போன் மேல் போன் போட்டார். தண்ணீர்ப் பஞ்சமே தீர்ந்துவிட்டது என்று திருவேங்கடம் அறிவித்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. தனக்கோட்டியும் வந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. வாசலில் காபி கொடுத்தார்கள், தொடவில்லை. "முதல்ல குழாய்" என்றார்.

சற்குணம் அன்றைக்கு ஒரே காலில் இரண்டு சாக்ஸ் போட்டிருந்தான். தெரு முழுக்கச் சேர்மனும் கவுன்சிலர்களும் நிறைகுடங்களோடு வரிசையாக நின்றார்கள். அவள் குழாயைத் திறந்தாள். சேர்மன் முதல் குடத்தை ஊற்றினார்.

தனக்கோட்டி குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். அடுத்த குடத்தையும் பார்த்தார்.

"தண்ணி தெரியுதுங்களா அண்ணே?" பூங்காவனத்தின் குரல் உள்ளேயே போய்விட்டது.

"தெரியுது" என்றார் தனக்கோட்டி. "ஆனா உள்ளேல்ல போகுது?"

பூங்காவனம் கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு.

"எங்க ஊர்லயும் குழாய் இருக்கு" என்று தனக்கோட்டி பெருமூச்சு விட்டார். "தண்ணி வெளியே வரும். வந்துகிட்டே இருக்கும். தெரு பூராவும் சேறு. என் பொண்ணு எத்தனை தடவை வழுக்கி விழுந்திருக்கா தெரியுமா? தண்ணி வெளியே வராம உள்ளேயே போற குழாயை நான் இன்னிக்குத்தான் பார்க்கிறேன். தெரு எவ்வளவு சுத்தமா இருக்கு!" துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எடுங்க சம்மந்தி, வெத்தலை பாக்கை!"

சற்குணம் சந்தோஷத்தில் ஒரு குடத்தைத் தூக்கித் தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டான். வீணாகிவிட்டதே என்று வீராசாமி அவனை அப்படியே தூக்கிக் குழாய்க்கு மேலே பிழிந்தார்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மருமகள் செண்பகம் மாமியாருக்கு ஏற்றவள். மறுநாளே மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு குடத்தோடு பள்ளத் தெருவுக்கு இறங்கி, மொண்டுகொண்டு ஏறி வந்தார்கள். வீட்டு வாசலைத் தாண்டிக் குழாயடிக்குப் போகும்போது செண்பகம் தயங்கி நின்றாள்.

"அத்தை, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? வீட்டுல சமைக்கத் தண்ணியில்லை. இந்தக் குடத்தை இப்படியே உள்ளே கொண்டு போயிட்டா என்ன?"

பூங்காவனம் சிரித்துவிட்டாள். பாவம், புதுப் பெண். வெளியூர்.

"என்ன கண்ணு இப்படிக் கேட்டுட்டே? குழாய்த் தண்ணி இருக்கிற தெருவுக்குத்தான் பொண்ணு குடுப்பேன்னு உங்கப்பா சொன்னாரா இல்லையா? குடத்தை நேரா வீட்டுக்குக் கொண்டு போயிட்டா அது தொட்டித் தண்ணி. அதைக் குழாய்ல ஊத்தினாத்தானே குழாய்த் தண்ணி ஆகும்?"

செண்பகம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அட, ஆமால்ல! எனக்கு இது தோணவே இல்லை பாருங்க."

இரண்டு குடங்களையும் குழாயில் கடைசிச் சொட்டு வரை ஊற்றினார்கள். பிறகு காலிக் குடங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு, சமையலுக்குக் குழாய்த் தண்ணீர் பிடித்து வருவதற்காக மாமியாரும் மருமகளும் பள்ளத் தெருவுக்கு இறங்கிப் போனார்கள்.