ஈரம் காயாத அறை

"மூணு வாரமாத் தரையைத் தடவிக்கிட்டே இருக்கோம், ஆசாரி. பொண்ணு பார்க்க வந்தவங்ககூட இவ்வளவு யோசிக்க மாட்டாங்க. பலகையை எப்பத்தான் போடுவீங்க?"

பழனியாண்டி ஆசாரி தலையைத் தூக்கவில்லை. சிமெண்டுத் தரையில் உள்ளங்கையை ஓட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இங்க மேடு. தேய்ங்க."

ஞானசுந்தரி தேய்த்தாள்.

கோத்தகிரியில் மரத்தரை போட அவரை விட்டால் ஆளில்லை. அவரோ நாற்பது வயதுக்குள் நூறு வயதுப் பிடிவாதத்தைச் சேர்த்து வைத்திருந்தவர். யார் வீட்டுத் தரையோ அவர்களே கூட உட்கார்ந்து சுரண்டினால்தான் வேலைக்கு வருவார். ஐம்பத்தேழு வயதில், மூட்டு வலியோடு, அவள் அவருக்குச் சிஷ்யையானது அப்படித்தான்.

பழைய ஓடுகளைப் பெயர்த்தாள். பசையைச் சுரண்டினாள். பள்ளத்தில் கலவை பூசி, காய்ந்ததும் அதையும் தேய்த்தாள்.

தேக்குப் பலகைகள் பத்து நாளாக மூலையில் அடுக்கிக் கிடந்தன.

"அதுங்களுக்கு இந்த வீட்டுக் காத்து பழகணும்," என்றார்.

"எனக்கே பழகலை," என்றாள் அவள்.

ஜனவரி மாதம் அந்த அறையின் தரையில்தான் அவள் கணவர் தேவநேசன் விழுந்தார். ஞாயிற்றுக்கிழமை. அவள் சர்ச்சுக்குப் போயிருந்தாள். ஆராதனை முடிந்ததும் பெண்கள் சங்கத்தில் கேக் விற்பனை பற்றி ஒரு சண்டை. அதில் ஜெயித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். அதற்குள் அவர் விழுந்து இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது.

வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூருக்கு வந்துவிடு என்றான் மகன். மாட்டேன் என்றாள். அந்தத் தரையை மூடிவிட்டால் இங்கேயே இருந்துவிடலாம். மூட முடியாவிட்டால் போக வேண்டியதுதான்.

கடைசிச் சோதனை பாக்கி.

ஆசாரி ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டார். மறுநாள் உரித்தால் அடியில் முத்து முத்தாக வியர்த்திருந்தது.

"இதுக்கு மேல மரம் போட்டா?"

"ஆறே மாசம். பொரிச்ச அப்பளமாட்டம் ஓரம் தூக்கிக்கும்."

இரண்டாம் முறையும் வியர்த்தது. மூன்றாம் முறையும்.

மற்ற மூலைகளில் ஒட்டிய தாள்கள் காய்ந்த சருகாக இருந்தன. ஜன்னலோரம் மட்டும்தான் ஈரம். குழாய் இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. கூரை ஒழுகவில்லை. சுவருக்கு வெளியே தோண்டிப் பார்த்தார். ஏப்ரல் மண், பொடிப் பொடியாக உதிர்ந்தது.

சாக்பீஸை எடுத்து ஈரத்தைச் சுற்றிக் கோடு போட்டார்.

ஆறடி நீளம். இரண்டடி அகலம்.

ஆசாரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஞானசுந்தரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இங்க தண்ணி ஊத்துறீங்களாம்மா?"

"எனக்கென்ன பைத்தியமா?"

வழக்கமாகப் பத்து மணிக்கு வருகிறவர், மறுநாள் ஏழு மணிக்கே வந்து நின்றார். கதவு திறந்திருந்தது.

அவள் மண்டியிட்டிருந்தாள். கையில் கெட்டில். சாக்பீஸ் கோட்டுக்குள் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நிதானமாக ஊற்றினாள். ஆவி பறந்தது. தோளில் கிடந்த துண்டால் துடைத்தாள்.

நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"இது தண்ணி இல்லை. வெந்நீர்."

ஆசாரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"உங்க பிளாஸ்டிக்கைத் தொடலை. அது ஒட்டியிருந்தப்போ சுத்தித்தான் ஊத்தினேன். சூடா ஊத்தினா உடனே காஞ்சிடாதா? துடைச்சு வேற விடுறேன்."

"மேலதாம்மா காயும். மிச்சத்தை சிமெண்டு குடிச்சிரும்."

"குடிக்கட்டும்."

"எத்தனை நாளா?"

"அடக்கம் முடிஞ்ச மறுநாள்லேர்ந்து."

"எதுக்கும்மா?"

"கையை வெச்சுப் பாருங்க. ஐஸ்கட்டி! இதுல கிடந்திருக்கார் மனுஷன், வெறும் பனியனோட. நான் அங்க கேக் சண்டை போட்டுக்கிட்டிருந்தேன்." துண்டை முறுக்கினாள். "சர்ச் ஐயர் சொல்றார், அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு. டாக்டர் சொல்றார், நினைவே இருந்திருக்காதுன்னு. என் மகன் போன்ல அதையே ஒப்பிக்கிறான். எல்லாரும் பக்கத்துல பாய் போட்டு உக்காந்து பார்த்த மாதிரி! அப்பளமாத் தூக்கினாத் தூக்கட்டும், ஆசாரி. மரத்தைப் போட்டு மூடுங்க. உங்க கால்ல விழறேன்."

அவர் மப்ளரை அவிழ்த்தார். ஸ்வெட்டரைக் கழற்றினார். சட்டையையும் கழற்றி ஜன்னல் கம்பியில் போட்டார்.

வெறும் பனியனோடு கோட்டுக்குள் மல்லாந்து படுத்தார்.

"என்ன கூத்து இது? எந்திரிங்க!"

அவர் எழவில்லை.

"ஆசாரி, யாராவது பார்த்தாச் சிரிப்பாங்க. எந்திரிங்கன்னா!"

கூரையைப் பார்த்தபடியே கிடந்தார். துடைத்த இடம் ஆறிக்கொண்டிருந்தது. கெட்டில் மூக்கில் ஆவி நின்றுபோனது. தெருவில் பால்காரன் வந்து, மணியடித்து, யாரும் வராததால் போனான்.

அவர் தாடை நடுங்கத் தொடங்கியது. உதடு வெளுத்தது. விரல்களை மடக்கப் பார்த்தார், மடங்கவில்லை.

ஞானசுந்தரி திட்டுவதை நிறுத்தியிருந்தாள். கால்களை இழுத்து இழுத்து அவர் தலைமாட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"குளிருதா?" என்றாள்.

"குளிருதும்மா," என்றார் அவர். "ரொம்பக் குளிருது."