முயல் கேட்ட சரிவு

ஆறு வளைந்து ஓடும் ஒரு காட்டில், குழந்தைகளே, ஆண்டுதோறும் ஐப்பசியில் வெள்ளம் வரும். ஏறி நிற்க இடமில்லாமல் பல உயிர்கள் அடித்துச் செல்லப்படும். அதனால் ஒரு கோடையில் மான், கீரி, பன்றி, குரங்கு, நரி, முயல் ஆறும் கூடின. உயரமாக ஒரு மண்மேடு கட்டுவது என்று முடிவாயிற்று.

எதைக் கட்டினாலும் அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆற்றங்கரைக் களிமண்ணில் ஒவ்வொரு விலங்கும் தன் காலடியைப் பதித்து, தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லும். அதை எப்படிக் கட்டுவது என்று தீர்மானித்ததும், கட்டுகிறவர் அந்தக் காலடிக்கு நேர் கீழே ஒரு குச்சி நடுவார். கட்டியதைச் சோதித்தவர், குச்சிக்குக் கீழே ஒரு கல் வைப்பார். மூன்றும் நேராக இருந்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம்.

கட்டும் வேலை பன்றிக்கு, சோதிக்கும் வேலை குரங்குக்கு. மேற்பார்வையை நரி தானாகவே எடுத்துக்கொண்டது.

"மேட்டில் முதலை ஏறக்கூடாது" என்று மான் முதல் காலடியைப் பதித்தது. கீரி ஒரு வளை கேட்டது. குரங்கு ஒரு மரம் கேட்டது. பன்றி, வெள்ளத்துக்குப் பயந்து கட்டும் மேட்டிலும் ஒரு சேற்றுக்குழி கேட்டது! நரிக்கு நிழலான மூலை வேண்டுமாம்.

கடைசியாக, மற்றவை போன பிறகு, முயல் வந்தது. கரையில் நரி மட்டும்தான் இருந்தது.

"ஐப்பசியில் எனக்குச் சின்னக் குட்டிகள் இருக்கும். அவற்றால் தாவ முடியாது. நடந்து ஏறும்படி சரிவாக ஒரு வழி வேண்டும்" என்றது மெல்லிய குரலில்.

நரிக்கு அவசரம். அது பன்றியைத் தேடிப் போனது. "அந்தச் சேற்றில் யார் வந்து வந்து குச்சி நடுவது? கேட்டதை நானே உன்னிடம் சொல்லிவிடுகிறேன். குச்சிகளை என்னிடம் கொடு, போதும்" என்றது பன்றியிடம்.

சொல்லும்போது அது முயலை மறந்துவிட்டது.

பன்றி உழைப்பாளி. சொன்னதைச் செய்யும், சொல்லாததைக் கேட்காது. முதலை ஏறாமலிருக்க மேட்டின் பக்கங்களைச் சுவர் மாதிரி செங்குத்தாக வெட்டியது. அதற்கு ஒரு குச்சி கொடுத்தது. ஏறும் வழியில், முதலையின் வயிறு முட்டும்படி உயரமான படிகளை வெட்டியது. அதற்கும் ஒரு குச்சி. மான் கேட்ட ஒன்றுக்கே இரண்டு குச்சிகள் ஆகிவிட்டன. வளை, மரம், சேற்றுக்குழி, நிழல் மூலை நான்குக்கும் ஆளுக்கொரு குச்சி.

குரங்கு படிகளில் தாவி ஏறி, வளைக்குள் தலையை விட்டு, மரத்தில் ஊஞ்சலாடிப் பார்த்தது. "எல்லாம் பிரமாதம்!" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கல்லை நரியிடம் கொடுத்தது.

நரி குச்சிகளை ஒரு குவியலாகவும் கற்களை ஒரு குவியலாகவும் போட்டு எண்ணியது.

"காலடி ஆறு, குச்சி ஆறு, கல் ஆறு. வேலை முடிந்தது!"

முயல் தயங்கித் தயங்கி அருகில் வந்தது. "நரியாரே, இதில் என் குச்சி எது?"

"ஆறில் ஒன்று உன்னுடையதாகத்தானே இருக்க வேண்டும்? எண்ணத் தெரியாதா உனக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். முயல் கூச்சப்பட்டு விலகிப் போய்விட்டது. சரிவு மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டது. பாவம், இன்னும் ஒருமுறை கேட்டிருக்கலாம்!

ஐப்பசி வந்தது. ஒரு காலையில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு காட்டுக்குள் பாய்ந்தது. மற்ற ஐந்தும் படிகளில் தாவி மேட்டின் உச்சிக்குப் போய்விட்டன.

முயல் தன் நான்கு குட்டிகளையும் ஓட்டிக்கொண்டு வந்து மேட்டைச் சுற்றிச் சுற்றி ஓடியது. சரிவு எந்தப் பக்கத்திலும் இல்லை. குட்டிகள் முதல் படியில் முன்னங்காலை வைத்துப் பார்த்து, சறுக்கி விழுந்தன.

முயல் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு படிப்படியாகத் தாவி உச்சியில் விட்டது. இறங்கி, இரண்டாவதைக் கொண்டுவந்து விட்டது. மூன்றாவதற்காகத் திரும்பியபோது கீழ்ப்படிகள் தண்ணீருக்குள் இருந்தன. குரங்கு ஓடிவந்து கையை நீட்டியது. எட்டவில்லை. கீழே இருந்த இரண்டு குட்டிகளும் தாயைப் பார்த்தபடியே வெள்ளத்தோடு போய்விட்டன.

"எனக்கு யாரும் சரிவு என்று சொல்லவே இல்லையே!" என்று பன்றி அலறியது.

"கட்டியதைச் சோதித்தேன். என்ன கேட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றது குரங்கு.

"ஆறுக்கு ஆறு சரியாகத்தானே இருந்தது!" என்றது நரி.

மூன்றும் சொன்னது உண்மைதான். அதில் எதுவும் முயலின் காதில் விழவில்லை. மேட்டின் விளிம்பில் உட்கார்ந்து, தண்ணீர் வடியும்வரை தன் குட்டிகளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

நீதி: எண்ணிக்கை சரியாக இருந்தால் போதாது, கேட்டது ஒவ்வொன்றும் கட்டியதில் எங்கே இருக்கிறது, சோதித்ததில் எங்கே இருக்கிறது என்று ஒன்றுக்கு ஒன்று பார்க்க வேண்டும்.