தாழைக்குக் கால் முளைத்த கதை

அந்தக் காலத்தில் ஓடையும் செடியும் வாய் திறந்து பேசும். மனிதர்கள்தான் காது கொடுக்க மாட்டார்கள்.

ஒரு பட்டணத்து நடுவே ஓடை ஒன்று வளைந்து வளைந்து போனது. கரையெல்லாம் தாழை. மனைக்கு இடம் போதவில்லையென்று ஊர்க்காரர்கள் ஓடையை நேராக வெட்டினார்கள். தாழம்பூ வாசத்துக்குப் பாம்பு வருமென்று புதரையும் பிடுங்கினார்கள். அப்போது தாழைக்கு ஒற்றைத் தண்டும் ஒரு பிடி வேரும்தான். இழுத்தால் கையோடு வந்துவிடும்.

பூக்காரி காத்தாயி மட்டும் தன் குடிசைக்குப் பின்னால் நின்ற ஒரு தாழையை விடவே மாட்டேன் என்று மல்லுக்கு நின்றாள். அந்தக் குடிசையையும் மூன்று மாதக் கைக்குழந்தையையும் விட்டால் அவளுக்கு வேறு கதி கிடையாது.

ஐப்பசி மழை பிடித்தது. நேராக்கிய ஓடை தறிகெட்டு ஓடிக் கரையை அரித்தது. ஒரு காலையில் பார்த்தால், குடிசைக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு முழ மண்ணும் அந்தத் தாழையும்தான் மிச்சம்.

"கொஞ்சம் மெதுவாப் போயேன், தாயே," என்றாள் காத்தாயி.

"வளைவு இருந்தப்ப நடந்துதானே போனேன். இப்ப நிக்க இடம் ஏது? நான் என்னடி பண்ணட்டும்," என்றது ஓடை.

தாழை சாயத் தொடங்கியது. "என்னால முடியல காத்தாயி. பிள்ளையத் தூக்கிட்டுப் போயிடு."

"எங்க போறது? உன்னையும் நான்தானே வளர்த்தேன்," என்றாள் அவள். வீட்டில் இருந்த மரம் என்றால் தூளி கட்டிய மூன்று கழிகள்தான். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் முடிந்துகொண்டு, கழிகளைப் பிடுங்கி வந்து, தண்டைச் சுற்றிச் சாய்வாக முட்டுக்கொடுத்து மண்ணில் இறக்கினாள்.

மண் நின்றது. மழை மட்டும் மூன்று நாள் விடவில்லை. தூளி இல்லாத பிள்ளை மடியிலேயே தூங்கியது. காத்தாயி கண்ணை மூடவேயில்லை. பார்த்துக்கொண்டிருந்த தாழைக்கு மனசு கேட்கவில்லை. நாலாம் நாள் அதன் இடுப்பிலிருந்து வேர்கள் புறப்பட்டு, கழி ஊன்றிய மாதிரியே சாய்வாக இறங்கி, கரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.

"கழிய எடுத்துக்கோ," என்றது தாழை. "பிள்ளைக்குத் தூளியக் கட்டு. நீயும் செத்த நேரம் படு. கரைய நான் பாத்துக்கறேன்."

வெள்ளம் வடிந்தது. அவள் குடிசைக் கரை ஒன்றுதான் தப்பியிருந்தது. ஊர்க்காரர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தாழங்கன்று கேட்டு வந்தார்கள்.

"முதல்ல ஓடைக்கு அதோட வளைவத் திருப்பிக் குடுங்க. அப்புறம் தர்றேன்," என்றாள் காத்தாயி. வேறு வழியில்லாமல் கொடுத்தார்கள்.

அன்று முதல்தான் தாழை இடுப்பிலிருந்து வேர் இறக்கி ஊன்றி நிற்கிறது. காத்தாயியின் கழிகள் தூளிக்கே திரும்பிவிட்டன.